சின்ன உடலுக்குள் பெரிய கணக்கு: கையடக்க டிஜிட்டல் கேமரா பற்றி வாசகர் கேட்டவை

கையடக்க டிஜிட்டல் கேமராவின் வடிவமைப்பு குறித்து வாசகர்கள் எழுதிக் கேட்டிருந்தவற்றில், விளக்கமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்ன மாடலை வாங்கலாமா என்று மட்டும் கேட்ட கடிதங்களைச் சேர்க்கவில்லை. ஒரு கேமரா எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது விளங்கிவிட்டால், எதை வாங்குவது என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ள முடியும்.

கேள்வி: இரண்டு கேமராக்கள் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கின்றன; இரண்டும் 20 மெகாபிக்சல்தான். ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிட மிக அதிகம். ‘ஒரு அங்குல சென்சார்’ என்பதே காரணம் என்கிறார்கள். அந்தச் சென்சார் உண்மையிலேயே ஓர் அங்குலம் இருக்குமா? அதற்காக அவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: ஓர் அங்குலம் இருக்காது. ஒளியை உணர்ந்து படமாக்கும் சில்லான அந்தச் சென்சாரின் அகலம் 13.2 மில்லிமீட்டர், உயரம் 8.8 மில்லிமீட்டர், மூலைக்கு மூலை அளந்தாலும் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர்தான் வரும். தொலைக்காட்சிக் கேமராக்களில் கண்ணாடிக் குழாய்கள் படம் பிடித்துவந்த காலத்தில், குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லி அளவைக் குறித்தார்கள். ஒளியை உணரும் பரப்பு அந்த விட்டத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. குழாய் போய்ச் சிலிக்கன் சில்லு வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை.

நீங்கள் பார்த்த மலிவான கேமராவில் பெரும்பாலும் ‘1/2.3 அங்குல’ சென்சார் இருக்கும். அதன் அளவு ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஒன்று 116 சதுர மில்லிமீட்டர், மற்றது 28 சதுர மில்லிமீட்டர். அதாவது நான்கு மடங்குக்கும் சற்று அதிகமான வேறுபாடு. இரண்டிலும் 20 மெகாபிக்சலை அடைத்தால், பெரியதில் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 2.4 மைக்ரோமீட்டர் அகலமும், சிறியதில் சுமார் 1.2 மைக்ரோமீட்டர் அகலமும் பெறும்.

இந்த வேறுபாடு படத்தில் எங்கே தெரிகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒளி ஒரே சீராக வந்து விழுவதில்லை. துகள் துகளாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில் வந்து விழுகிறது. சேரும் துகள்கள் மிகுதியாக இருந்தால் இந்த ஒழுங்கின்மை கண்ணுக்குத் தெரியாது. குறைவாக இருந்தால் ஒரே நிறமாக இருக்க வேண்டிய சுவரில்கூடப் பொறிப்பொறியாகப் புள்ளிகள் தோன்றும். நான்கு மடங்கு ஒளி சேர்ந்தால், படத்தின் உண்மையான செய்திக்கும் இந்தப் புள்ளி இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இரண்டு மடங்கு மேம்படுகிறது. சிறிய சென்சாருள்ள கேமரா சும்மா இருந்துவிடுவதில்லை. தன் செயலி மூலம் அந்தப் புள்ளிகளைத் தேய்த்து அழிக்கப் பார்க்கிறது. அப்படித் தேய்க்கும்போது தலைமுடியின் இழைகள், துணியின் நெசவு, தொலைவிலுள்ள மரத்தின் இலைகள் ஆகியவையும் சேர்ந்து அழிந்து, மெழுகு பூசியதைப் போன்ற முகங்கள் மிஞ்சுகின்றன. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கணினித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, புருவத்தை மட்டும் பாருங்கள். மயிர்கள் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒரே தீற்றலாக இருக்கின்றனவா என்பதிலேயே சென்சாரின் தரம் புரிந்துவிடும்.

நல்ல வெயிலில் வெளியில் மட்டுமே படம் எடுப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படாது. அவர் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. வீட்டுக்குள், மண்டபத்தில், அந்தி நேரத்தில் எடுப்பவருக்கு மெகாபிக்சலைவிடச் சென்சாரின் பரப்பே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. 2012-இல் சோனி நிறுவனம் ஆர்.எக்ஸ். 100 என்ற கேமராவில், பேட்டரியையும் கார்டையும் சேர்த்து 240 கிராம் எடையுள்ள உடலுக்குள் ஒரு அங்குல சென்சாரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்த வகைக் கேமராக்களின் போக்கே மாறிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ரிக்கோ ஜி.ஆர்., அதைவிட மூன்று மடங்கு பரப்புள்ள ஏ.பி.எஸ்.-சி சென்சாரைச் சட்டைப் பையில் நுழையும் உடலில் வைத்தது. ஆனால் அதற்கு ஜூமையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் கேமராக்களில் எதுவும் இலவசமாக வருவதில்லை.

கேள்வி: கேமராவை அணைத்ததும் லென்ஸ் முழுவதும் உள்ளே போய்விடுகிறது. வெளியே நீளும்போது கேமராவின் பருமனைவிட நீளமாக இருக்கும் குழல், உள்ளே எப்படி அடங்குகிறது? சில கேமராக்களில் ‘லென்ஸ் பிழை’ என்று வந்து எல்லாமே நின்றுபோவது ஏன்?

பதில்: கேமராவின் மற்ற எந்த உறுப்பையும்விட அதிகமான இயந்திர நுட்பம் இந்தக் குழலில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் முதலில் முகப்பில் உள்ள மெல்லிய இரண்டு தகடுகள் இரு பக்கமும் விலகுகின்றன. பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்ட இரண்டு அல்லது மூன்று குழல்கள் வெளியே வருகின்றன. வெளிக்குழலின் உட்சுவரில் சுருள் வடிவில் சாய்வான காடிகள் வெட்டப்பட்டிருக்கும். உட்குழலின் மேல் சிறு முளைகள் இருக்கும். சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு மோட்டார், பல்சக்கரங்களின் வழியாக வெளிக்குழலைச் சுழற்றும்போது, முளைகள் காடியின் வழியே ஏறி உட்குழலை முன்னே தள்ளுகின்றன. காடி எந்த இடத்தில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே, உள்ளிருக்கும் ஒவ்வொரு கண்ணாடித் தொகுதியும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து, ஜூமின் ஒவ்வொரு நிலையிலும் உரிய இடைவெளியில் நிற்கிறது.

படம் எடுக்கும்போது அந்தத் தொகுதிகளுக்கு இடையே காற்று இடைவெளி தேவை. அணைத்த பிறகு தேவையில்லை. ஆகவே கேமராவை மூடும்போது கண்ணாடிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாத அளவுக்கு நெருங்கி வந்து அடுக்கிக்கொள்கின்றன. 2003-இல் வெளிவந்த பென்டாக்ஸ் ஆப்டியோ எஸ் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: மூடும்போது ஒரு கண்ணாடித் தொகுதி அச்சை விட்டே விலகி, மற்றவற்றின் பக்கவாட்டில் போய் ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு முந்தைய ஆண்டு மினோல்டா, டைமேஜ் எக்ஸ் கேமராவில் வேறொரு வழியைக் கையாண்டது. முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பட்டகத்தை வைத்து, ஒளியைச் செங்குத்தாகக் கீழ்நோக்கித் திருப்பி, ஜூம் முழுவதையும் உடலுக்குள்ளேயே மேலும் கீழுமாக நகரவைத்தது. கேமராவின் பருமன் 20 மில்லிமீட்டர். வெளியே எதுவும் நீளாது. மடிப்பு ஒளியமைப்பு எனப்படும் இந்த முறையில் லென்ஸின் வாய் அகலமாக இருக்க முடியாது என்பதால் குறைந்த ஒளியில் பின்தங்கும். ஆனால் இடிபடுவதற்கும் மணல் நுழைவதற்கும் வழி இல்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. குழல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சிறு உணரிகள் கேமராவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. காடிக்குள் ஒரு மணல் துகள் சிக்கினாலோ, கீழே விழுந்து குழல் இம்மியளவு கோணினாலோ, மோட்டார் சுழன்றும் குழல் உரிய நேரத்தில் உரிய இடத்தை அடையாது. பல்சக்கரம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கேமரா இயக்கத்தை நிறுத்திப் பிழை அறிவிக்கிறது. பேட்டரி வலுவிழந்திருந்தாலும் இதே அறிவிப்பு வரலாம் என்பதால், முழுமையாக ஏற்றிய பேட்டரியைப் போட்டுப் பார்ப்பது முதல் வேலை. கையால் இழுப்பதும் தட்டுவதும் காடியிலிருந்து முளையைக் கழற்றிவிடும். அதன் பிறகு பழுது பார்ப்பது மிகக் கடினம். பையில் இருக்கும்போது பொத்தான் தானாக அழுந்திக் குழல் வெளிவர முயன்று முட்டிக்கொள்வதும் இந்தப் பழுதுக்கு ஒரு காரணம். ஆகவே சற்று விறைப்பான உறையில் வைத்திருங்கள்.

கேள்வி: 30 மடங்கு ஜூம் உள்ள கேமரா வைத்திருக்கிறேன். முழு ஜூமில் எடுக்கும் படங்கள் மங்கலாகவும் கலங்கியும் இருக்கின்றன. இது என் கையின் குறையா, கேமராவின் குறையா?

பதில்: இரண்டுக்கும் பங்கு உண்டு. இத்தகைய கேமராவில் லென்ஸின் குவியத் தூரம் பொதுவாக 4.3 மில்லிமீட்டரில் தொடங்கி 129 மில்லிமீட்டர் வரை போகும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கணக்கில் சொன்னால் 24 முதல் 720 வரை. விரிந்த நிலையில் எஃப் 3.3 ஆக இருக்கும் ஒளித்துளை, முழு ஜூமில் எஃப் 6.4 ஆகச் சுருங்கிவிடும். குவியத் தூரத்தை ஒளித்துளையின் அகலத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண்; அது கூடக் கூட ஒளி குறையும். ஏன் இப்படி என்று ஒரு வகுத்தல் போட்டால் தெரியும். 129-ஐ 6.4 ஆல் வகுத்தால் 20 மில்லிமீட்டர். அந்த அகலம் இந்த உடலில் அடங்கும். 3.3 ஆகவே இருக்க வேண்டும் என்றால் முகப்புக் கண்ணாடி 39 மில்லிமீட்டர் அகலம் கேட்கும். அதை வைத்தால் அது சட்டைப் பையில் நுழையாது. ஆக, முழு ஜூமில் உள்ளே வரும் ஒளி கால் பங்குக்கும் சற்றே அதிகமாகத்தான் இருக்கும். அதை ஈடுகட்டக் கேமரா, கிடைத்த ஒளியை மிகைப்படுத்திக் காட்டும் அளவான ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்தும், அல்லது ஷட்டரை மெதுவாக்கும்.

இதோடு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் இயல்பும் சேர்கிறது. சிறு துளை வழியாக நுழையும் ஒளி, புள்ளியாகக் குவியாமல் சிறு வட்டமாகவே குவியும். எஃப் 6.4-இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 8.6 மைக்ரோமீட்டர். உங்கள் பிக்சலின் அகலமோ ஏறத்தாழ 1.2 அல்லது 1.3 மைக்ரோமீட்டர். ஒரு புள்ளி ஏழு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும்போது, எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பயன் என்ன?

கையின் பங்கைப் பொறுத்தவரை, 720 என்ற ஜூம் நிலையில் ஷட்டர் நேரம் விநாடியில் 720-இல் ஒரு பங்கு அளவுக்காவது விரைவாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு, கை நடுங்கும் திசையைச் சுழல் உணரிகளால் அறிந்து ஒரு கண்ணாடியை எதிர்த் திசையில் நகர்த்துகிறது. அதனால் இந்த விதியைப் பல மடங்கு தளர்த்தலாம். ஆனால் பறக்கும் பறவையின் அசைவை அது தடுக்காது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்து, முடிந்தால் சுவரில் சாய்ந்து எடுங்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை.

கேள்வி: என் கேமராவில் எஃப் 3.2 அல்லது எஃப் 9 என்ற இரண்டு அளவுகளை மட்டுமே காண்கிறேன். இடைப்பட்ட எண்கள் வராதது பழுதா?

பதில்: பழுது அன்று. மலிவான சிறு கேமராக்கள் பலவற்றில் இதழ் இதழாகச் சுருங்கும் ஒளித்துளை கிடையாது. அதற்குப் பதிலாக, வெளிச்சம் மிகுந்தால் லென்ஸின் குறுக்கே ஒரு சாம்பல் நிற வடிகட்டி வந்து நின்று ஒளியைக் குறைக்கிறது. துளையின் அகலம் மாறாததால், எண் மாறினாலும் பின்னணியின் தெளிவோ மங்கலோ மாறாது.

கேள்வி: வெயிலில் திரையில் எதுவுமே தெரிவதில்லை. பழைய கேமராக்களில் இருந்த கண்வைத்துப் பார்க்கும் சிறு சாளரத்தை ஏன் எடுத்துவிட்டார்கள்?

பதில்: திரை பெரிதாகப் பெரிதாக அதற்கு இடம் போதவில்லை என்பதுதான் காரணம். 1995-இல் கேசியோ க்யூ.வி. 10 கேமராவின் முதுகில் 1.8 அங்குலத் திரை வந்தபோது, படத்தை உடனே பார்க்க முடிவது பெரும் வியப்பாக இருந்தது. பிற்காலத்தில் மூன்று அங்குலத் திரை முதுகு முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்தச் சிறு சாளரமும் குறையற்றதன்று. அது லென்ஸுக்கு மேலே தனிப் பாதையில் பார்ப்பதால், உண்மையில் பதிவாகும் காட்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கையே காட்டும். அருகிலுள்ள பொருளை எடுக்கும்போது சட்டகமே விலகிப் போகும்.

ஆனாலும் கண்ணில் வைத்துப் பார்ப்பதன் மதிப்பு மறுக்க முடியாதது. கேமரா புருவத்தில் பதியும்போது இரண்டு கைகளோடு மூன்றாவது தாங்கலும் கிடைக்கிறது. நடுக்கம் வெகுவாகக் குறைகிறது. 2011-இல் விற்பனைக்கு வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் 100 ஒளிச் சாளரத்தையும் மின் திரையையும் ஒரே கண்துளையில் இணைத்தது. 2014-இல் ஆர்.எக்ஸ். 100-இன் மூன்றாம் பதிப்பு, உடலின் மூலையிலிருந்து மேலெழும் சிறிய மின் சாளரத்தைத் தந்தது. இவை கட்டுப்படியாகாவிட்டால், மேல்நோக்கி மடங்கும் திரையுள்ள கேமராவைத் தேர்ந்தெடுத்து, இடுப்புயரத்தில் உடலின் நிழலில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அலமாரியில் கிடந்த பழைய கேமராவை எடுத்து, 64 ஜி.பி. கார்டைப் போட்டேன், ஏற்க மறுக்கிறது. தேதியும் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகிறது. திறந்து சுத்தம் செய்து பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் சேமிக்கப்பட்டிருக்கும்; பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது வெகுநேரம் அப்படியே இருக்கக்கூடும். பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாத இடம் அது.

கார்டு விஷயம் எளிது. எஸ்.டி. கார்டுகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் கேமராக்களில் பரவலாகப் பயன்படுபவை மூன்று தலைமுறைகள்: முதலாவது 2 ஜி.பி. வரை, 2006-இல் வந்த எஸ்.டி.ஹெச்.சி. 32 ஜி.பி. வரை, 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கு மேல். புதிய கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமரா புதிய தலைமுறைக் கார்டை ஏற்காது. 2006-க்கு முந்தைய கேமரா என்றால் 2 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த கார்டைத் தேடிப் போடுங்கள். சற்றுப் பிந்தையது என்றால் 32 ஜி.பி. வரை முயலலாம். கேமராவிலேயே ஃபார்மேட் செய்துகொள்வது நல்லது. தேதி அழிவதற்குக் காரணம், கடிகாரத்தை ஓட்டும் சிறு உள்பேட்டரி வற்றிப்போயிருப்பது. பல மாடல்களில் அது முதன்மைப் பேட்டரியிலிருந்தே மின்னேற்றம் பெறும். முழுமையாக ஏற்றிய பேட்டரியைப் போட்டு ஓரிரு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். முதன்மைப் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைச் சார்ஜ் செய்யவே வேண்டாம், மின்கழிவாக ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: எப்போதும் ஃபிளாஷ் போட்டே எடுக்கிறேன். கண்கள் சிவப்பாக வருகின்றன. பின்னால் நிற்பவர்கள் இருளில் மறைந்துவிடுகிறார்கள்.

பதில்: ஃபிளாஷ் விளக்கு லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், விழித்திரையில் பட்ட ஒளி வந்த வழியே லென்ஸுக்குத் திரும்புகிறது, சிவப்புக்கு அதுவே காரணம். சிறிய உடலில் இரண்டையும் விலக்கி வைக்க இடமில்லை. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் பின்வரிசை இருள்கிறது. இந்தக் கேமராக்களின் ஃபிளாஷைப் பகலில் பயன்படுத்திப் பாருங்கள். லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர் எந்த வேகத்திலும் முழுமையாகத் திறந்து மூடும். அதனால் உச்சிவெயிலில் முகத்தில் விழும் கண்குழி நிழலைச் சிறு ஃபிளாஷே போக்கிவிடும். பெரிய கேமராக்கள் பலவற்றுக்கு இது எளிதில் கைவராத வேலை.

கேள்வி: வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் வலக் கையால் மட்டும் பிடித்துப் பாருங்கள். முன்பக்கம் விரல் பதிய ஒரு மேடோ, பின்பக்கம் கட்டைவிரலுக்குச் சொரசொரப்பான பட்டையோ இல்லாத வழவழப்பான உடல், பார்க்க அழகாக இருந்தாலும் வியர்த்த கையிலிருந்து நழுவும். கட்டைவிரல் ஓய்வெடுக்கும் இடத்தில் வீடியோ பொத்தான் இருந்தால், தெரியாமலே பதிவு ஓடிக்கொண்டிருக்கும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் குவியம் நிலைக்க வேண்டும், முழுதும் அழுத்தினால் படம் பதிவாக வேண்டும். இந்த இரண்டு படிகளும் விரலுக்குத் தெளிவாகத் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பத்துப் பதினைந்து முறை அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. மெனுவுக்குள் போகாமலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் கேனான் பவர்ஷாட் எஸ் 90 லென்ஸைச் சுற்றி ஒரு வளையத்தை வைத்து இந்தத் தேவையை அழகாகத் தீர்த்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின.

பிறகு கேமராவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பலர் பார்க்காமல் விடும் இடம் இது. ட்ரைபாட் திருகுக்கான துளை உலோகத்தால் ஆனதா, பிளாஸ்டிக்கா? அது பேட்டரிக் கதவை ஒட்டியே இருந்தால், ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றவும் ட்ரைபாட் தகட்டைக் கழற்ற வேண்டிவரும். கதவைத் திறந்து, அதன் கீல் ஆடுகிறதா என்றும், பேட்டரியைத் தனியாகப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கி உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். கொக்கி இல்லாவிட்டால் கார்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் பேட்டரி கீழே விழும். சிறிய உடலில் பேட்டரியும் சிறியது என்பதால், மாற்றுப் பேட்டரி ஒன்றைக் கணக்கில் சேர்த்தே வாங்குங்கள்; யூ.எஸ்.பி. சி வழியாகச் சார்ஜ் ஆகும் கேமரா என்றால் தனிச் சார்ஜரைத் தூக்கிச் செல்லும் பாடு இல்லை.

கேள்வி: 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று போட்டிருக்கும் கேமராவைக் கடலில் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் அந்த உறுதிமொழி முழுவதும் கதவின் உள்விளிம்பில் ஓடும் மெல்லிய ரப்பர் வளையத்தை நம்பியே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் ஒரு தலைமுடியோ மணல் துகளோ படிந்திருந்தால், அந்த இடைவெளி வழியாக நீர் கசிந்துவிடும். இறங்குவதற்கு முன் உலர்ந்த, நூல் பிரியாத துணியால் வளையத்தைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கதவைப் பூட்டிய பிறகு இரண்டாவது பூட்டையும் தள்ளிவிட்டீர்களா என்று சரிபாருங்கள். கரையேறியதும், உப்பு காய்ந்து படிவதற்குள், பூட்டிய நிலையிலேயே நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகிப்போகும் பொருள். ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் கையேட்டில் பரிந்துரைப்பது வழக்கம். உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கடலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.